எடை போடாத எட்டு ஆலைகள்

கமலவேணிக்கு வேலை விறகை எடை போடுவது. யாராவது கேட்டால் முதலில் எனர்ஜி ஆடிட் என்று சொல்லிப் பார்ப்பாள். கேட்டவர் முழித்தால், ஆலைகளில் எவ்வளவு விறகு எரிகிறது, எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று அளந்து எழுதுகிற வேலை என்பாள். சங்ககிரியில் அவள் குடியிருக்கும் தெருவில் பாதிப் பேர் அவளை ஈபி ஆபீசில் வேலை பார்ப்பவள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரீடிங் கூடுதலாக வந்துவிட்டது என்று கார்டைத் தூக்கிக்கொண்டு காலையில் வாசலுக்கே வந்து நிற்பவர்களும் உண்டு. அவளும் வாங்கிப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது, ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவாள்.

பிறந்தது கொங்கணாபுரம் பக்கம். அப்பாவுக்கு நான்கு விசைத்தறி. கரண்டு போனால் தறி நிற்கும், தறி நின்றால் அந்த வீட்டில் திடீரென்று எல்லோர் குரலும் பெரிதாகக் கேட்கும். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோவில் சேர்ந்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் எதுவும் அவளுக்குத் தோன்றுவதில்லை. படிப்பு முடித்து இரண்டு வருடம் ஒரு நூல் மில்லில் மோட்டார் பகுதியில் இருந்தாள். அப்போதுதான் சேலத்தில் ஒரு தணிக்கை அலுவலகம் வெளியூர் அலைகிற வேலைக்குத் தற்காலிகமாக ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, போய்க் கேட்டாள். மறுநாளே வரச்சொன்னார்கள். 2008ஆம் வருடம், ஐப்பசி மாதம். அவளுக்கு வயது இருபத்திரண்டு.

அந்த வருடம் அலுவலகத்துக்குக் கிடைத்திருந்த வேலை சேகோ ஆலைகளைப் பற்றியது. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து, பாலெடுத்து, படிந்த மாவைக் குருணையாக்கி, சூடான தகட்டில் வறுத்து, களத்தில் காயப்போட்டு ஜவ்வரிசி எடுக்கிறார்களே, அதில் ஒரு டன் ஜவ்வரிசிக்கு எத்தனை கிலோ விறகு, எத்தனை யூனிட் கரண்டு ஆகிறது என்று பார்க்க வேண்டும். கிழக்கே ஆத்தூர், தலைவாசல் பக்கம் பன்னிரண்டு ஆலை. மேற்கே மல்லசமுத்திரம், வெண்ணந்தூர், ராசிபுரம் பக்கம் பன்னிரண்டு ஆலை. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு ரிப்போர்ட் எழுதுவது இளஞ்செழியன் என்ற இன்ஜினியரின் பொறுப்பு. ஆலை ஆலையாகப் போய் அளப்பது கமலவேணியின் பொறுப்பு.

கரண்டைக் கணக்கெடுப்பது சுலபம், மீட்டரே சொல்லிவிடும். விறகுக்கு மீட்டர் கிடையாது. காலையில் அடுப்பு மூட்டும்போதே போய் எடை மேடையைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். உள்ளே போகும் ஒவ்வொரு கட்டையும் மேடைமேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். சாயந்தரம் அடுப்பை அணைக்கிறவரை நகரக்கூடாது. ஆத்தூர்ப் பக்கம் அவள் அப்படித்தான் செய்தாள். பன்னிரண்டு ஆலை, ஆலைக்கு இரண்டு நாள். வேலிக்கருவையையும் புளியங்கட்டையையும் பார்வையிலேயே பிரித்துச் சொல்லப் பழகினாள். இராத்திரி தலைக்கு ஊற்றினாலும் மறுநாள் முடியில் புகை வாசம் இருக்கும். இவள் மேடையை விட்டு அசைவதே இல்லை என்று பார்த்து, ஒரு ஆலையில் வறுக்கிற பெண்கள் சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தை முடியும்போது கிழக்கு முடிந்தது. ஊருக்கு வந்த இரண்டாம் நாள் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. மூன்று வாரம் வேப்பிலைக்கு நடுவே கிடந்தாள். தண்ணீர் ஊற்றி எழுந்து, மேற்கே முதல் ஆலைக்குப் போனபோது மாசி கடைசி. அந்த வருடம் கிழங்கு வரத்து சீக்கிரமே நின்றுவிட்டது. நான்கு ஆலைகளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அந்த நான்கையும் ஒழுங்காக அளந்தாள். ஐந்தாவதிலிருந்து எல்லாம் பூட்டு. மேனேஜரோ முதலாளியோ மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் எல்லாத் தாளும் வந்தாக வேண்டும் என்றார்கள். அடுத்த சீசன்வரை யாரும் காத்திருக்கப் போவதில்லை.

எட்டு ஆலைகளுக்கும் அவள் போகத்தான் போனாள். ஆறிக் கிடந்த அடுப்பைப் பார்த்தாள். சீசனுக்கு எத்தனை லோடு விறகு இறங்கியது, எத்தனை மூட்டை ஜவ்வரிசி போனது என்று கேட்டு, லோடுக்குப் பத்து டன் என்று வைத்து வகுத்து எழுதிக்கொண்டாள். விடை டன்னுக்கு நானூறு கிலோவைத் தாண்டித் தாண்டி வந்தது. கிழக்கில் எங்கேயும் முந்நூற்றைம்பதைத் தொட்டதில்லை. இந்தப் பக்கம் விறகை இப்படியா அள்ளிப் போடுவார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. கணக்கில் தப்பு இருக்கும் என்று தோன்றவில்லை.

தாளின் அடியில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் ‘அளந்தது’, இன்னொன்றில் ‘கேட்டது’. ‘கேட்டது’ என்று போன தாள் திரும்பி வந்துவிடும், மறுபடி போய் அளக்க வேண்டும். மல்லசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எட்டுத் தாளிலும் ‘அளந்தது’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ரிப்போர்ட் வந்தது. டன்னுக்குக் கிழக்கில் 285 கிலோ, மேற்கில் 376 கிலோ. மேற்குப் பக்க ஆலைகளில் விறகு விரயம் அதிகம் என்று தனியாக ஒரு பத்தி இருந்தது. அதைப் படித்துவிட்டு யாரோ நாமக்கல்லில் விறகைச் சிக்கனமாக எரிப்பது எப்படி என்று ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். மேற்குப் பக்க முதலாளிகள் போய் உட்கார்ந்து, சாப்பிட்டு, ஒரு ஃபைலும் பேனாவும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கமலவேணியை நிரந்தரமாக்கினார்கள். சொன்ன தேதிக்குள் இருபத்துநான்கு தாளையும் கொண்டுவந்தவள் என்று இளஞ்செழியன் அவளைப் பற்றி எழுதியிருந்தார்.

அதற்கப்புறம் பதினைந்து வருடம் ஓடியது. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் மோகன்குமாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், சங்ககிரிக்கு வந்தாள். அபிநயா பிறந்தாள், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். அலுவலகத்தில் ரைஸ் மில், எண்ணெய் செக்கு, பால் குளிரூட்டும் நிலையம், முட்டைக் கிடங்கு என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டிருந்தது. படிப்படியாகச் சூப்பர்வைசர் ஆனாள். அளக்கப் போகிற பிள்ளைகள் கொண்டுவரும் தாளை அவள்தான் சரிபார்ப்பாள். அதில் அவள் கண்டிப்பானவள் என்று பேர். எண் கொஞ்சம் வழவழவென்று இருந்தாலே, எல்லா ஆலையிலும் ஐந்திலும் பூச்சியத்திலும் முடிந்தாலே, திருப்பி அனுப்பிவிடுவாள். அந்த எட்டுத் தாளை அவள் மறந்துவிடவில்லை. ஆனால் அதை நினைத்துத் தூக்கம் கெட்டதும் இல்லை. பழைய வீட்டில் விட்டுவந்த ஒரு சாமானைப்போல அது எங்கேயோ இருந்தது.

2023 சீசனில் அதே வேலை திரும்பி வந்தது. அதே இருபத்துநான்கு ஆலை, அதே அளவு. பதினைந்து வருடத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை வைத்து ஒரு திட்டம் வரப்போகிறது. ஆலையின் கழிவுநீரிலிருந்து கேஸ் எடுத்து, விறகு அடுப்புக்குப் பதிலாக அந்தக் கேஸிலேயே வறுக்கிற அடுப்பை, அந்த முன்னேற்றத்தில் பின்தங்கிய பக்கத்துக்கு முதலில் கொடுப்பார்கள். இந்தத் தடவை அளந்தது சௌந்தர்யா என்ற பெண்ணும் இன்னும் இரண்டு பேரும். சௌந்தர்யா ராசிபுரத்துக்காரி, இன்ஜினியரிங் முடித்தவள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கமலவேணி சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கட்டை கட்டையாக அளந்து கொண்டுவந்தாள்.

மாசி மாதம் ஒரு நாள் இளஞ்செழியன் அறையில் பழைய அட்டவணையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையில் போட்டார்கள். கிழக்கு 285லிருந்து 246க்கு வந்திருந்தது. மேற்கு 376லிருந்து 240க்கு. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்தாறு சதவீதம். மேற்கில் என்னமோ நடந்திருக்கிறது, அது என்ன என்று கண்டுபிடித்து எழுத வேண்டும் என்றார். அந்தப் பயிற்சியின் பலனாகவும் இருக்கலாம் என்றார். ஆலைவாரியாகப் பார்த்தபோது மல்லசமுத்திரம் தாண்டி இருக்கும் சின்னுசாமியின் ஆலை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. அங்கே 452 இருந்தது, இப்போது 236. ரிப்போர்ட்டை முதலாளிகள் முன்னால் வைக்கிற கூட்டத்தில் அவருக்கு ஒரு கேடயம் கொடுக்கலாம், ஒரு போட்டோவும் அவர் என்னென்ன மாற்றினார் என்று ஒரு பக்கமும் ரிப்போர்ட்டில் வரட்டும் என்று சொல்லி அந்த வேலையைக் கமலவேணியிடம் கொடுத்தார்.

அவள் கேட்டு எழுதிய எட்டு எண்களும் அளந்தவற்றோடு ஒரே நிறத்தில் திரையில் நின்றிருந்தன. அந்தக் குறைவு அவற்றால் வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அதற்கப்புறம் ஒன்பது நாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆலை ஏதாவது உண்மையிலேயே மாறியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். பதினைந்து வருடம் கொஞ்சமா? எல்லோரும் புது அடுப்பு கட்டியிருக்கலாம். சௌந்தர்யாவின் தாளில் ‘அடுப்பு: பழைய மாடல்’ என்று எழுதியிருந்ததை அவள் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

பத்தாம் நாள் சௌந்தர்யாவையும் கூட்டிக்கொண்டு சின்னுசாமியின் ஆலைக்குப் போனாள். அவருக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருந்தது, மீசை முழுக்க வெளுத்திருந்தது. ஆலையில் வேலை நடந்துகொண்டிருந்தது. களத்தில் ஜவ்வரிசி வெள்ளையாகக் காய்ந்தது. கேடயத்தைப் பற்றிப் போனில் ஏற்கெனவே சொல்லியிருந்ததால் அவர் சலவைச் சட்டை போட்டு, போட்டோவில் பின்னால் நிற்க இரண்டு ஆட்களையும் கூப்பிட்டு வைத்திருந்தார். முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. என்னமோ பிடிபடாதவரைப்போல இருந்தார்.

வறுக்கிற கொட்டகைக்குள் போனார்கள். நீளமான அடுப்பு, மேலே தகடு, இரண்டு பக்கமும் பெண்கள் நின்று தள்ளுகட்டையால் குருணையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கமலவேணி அடுப்பின் வாயைப் பார்த்தாள். இடது பக்கம் மேலே ஒரு செங்கல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. 2009இல் வந்தபோது கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு குனிந்து உள்ளே சாம்பலைப் பார்த்தது அவளுக்கு அப்படியே ஞாபகம் வந்தது.

சௌந்தர்யா நோட்டை விரித்து, இந்தப் பதினைந்து வருடத்தில் அடுப்பில் என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்டாள்.

“நான் என்னத்தம்மணி மாத்துனேன்? அதே அடுப்புத்தானுங்க. ரெண்டு தடவ கல்லு மாத்தி மண்ணு பூசுனோம். தகடு ஒண்ணு புதுசு. அவ்வளவுதானுங்க” என்றார் சின்னுசாமி.

சௌந்தர்யா எழுதாமல் நிமிர்ந்து பார்த்தாள். விறகு பாதியாகக் குறைந்திருக்கிறதே என்றாள். அவர் கமலவேணியைப் பார்த்தார். பிறகு சௌந்தர்யாவிடம், களத்துப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கும், எங்கே நின்று போட்டோ எடுக்கலாம் என்று பார்த்து வைக்கச் சொல்லி ஓர் ஆளையும் கூட அனுப்பினார்.

அவள் போனதும் குரலை ஏற்றாமல், இறக்காமல் பேசினார்.

“நீங்க வந்தப்ப பங்குனி மாசமுங்க. அடுப்பு ஆறிக் கெடந்துச்சு. எத்தன லோடுன்னு கேட்டீங்க, சொன்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டீங்க. அதுல கொஞ்சம் அடுத்த வருசத்துக்கு அடுக்கி வெச்ச வெறகுங்க. எங்கூருக்கு வர்ற லாரியும் பத்து டன் லாரி இல்லீங்க, ஏழுதான் புடிக்கும். நீங்களும் கேக்கலே, நானும் சொல்லலே.”

கமலவேணி ஆமாங்கண்ணா என்றாள். நாமக்கல் பயிற்சிக்குப் போனபோதே தனக்கு இது விளங்கியது என்றார் அவர். ஆனால் நாலு பேர் நடுவே எழுந்து, அந்த எண்ணே தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது, சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றார்.

தகட்டுக்குப் பக்கத்தில் அத்தாயி என்ற பெண் நின்று வறுத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாக அங்கேதான் வேலை. புகை முகத்தில் அடிக்கிற பக்கத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் யாரும் நிற்க முடியாது என்பதால் அவர்கள் தங்களுக்குள் முறை வைத்து இடம் மாறிக்கொள்வார்கள். அன்றைக்கு அந்த மணி அத்தாயியின் முறை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேஸ் அடுப்பு வரப்போகிறதாமே, எப்போது வரும் என்று கமலவேணியிடம் கேட்டாள். ஆபீசிலிருந்து வந்தவள் என்றால் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

சின்னுசாமி அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். “எனக்கு அந்தக் கேடயம் வேண்டாமுங்க. இவிய கேக்கறாங்களே, அது எங்க பக்கம் வருமுங்களா?”

“இப்ப இருக்கற ரிப்போர்ட்டுப்படி வராதுங்கண்ணா” என்றாள் கமலவேணி. “இந்தப் பக்கம் ஏற்கெனவே முன்னேறியாச்சுன்னு அதுல இருக்குது. மொதல்ல ஆத்தூர்ப் பக்கம்தான் போகும்.”

நிறுத்தி வைத்திருந்த ஆட்களை அவர் வேலைக்குத் திருப்பி அனுப்பினார். போட்டோ எடுக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சௌந்தர்யா, அக்கா, அவர் பொய் சொல்கிற ஆள் மாதிரித் தெரியவில்லையே என்றாள். அவர் பொய் சொல்லவில்லை என்று கமலவேணி சொன்னாள்.

வீட்டில் மோகன்குமாரிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் எழுதியதை இப்போது யார் தோண்டப் போகிறார்கள், லாரித் தொழிலில் தினமும் எத்தனை பேர் கண்மட்டத்தில் எழுதுகிறார்கள் என்றார். வேலை போய்விட்டால் என்ன செய்வாய் என்றும் கேட்டார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்றே அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் இரண்டு நாள் அலுவலகத்தின் பின்அறையில் பழைய பெட்டிகளைத் திறந்து, 2009ஆம் வருடத் தாள்களைத் தனியாக எடுத்து அடுக்கினாள். மேற்கில் உண்மையாக அளந்த நான்கு ஆலைகளின் சராசரியை எடுத்தாள். 262 வந்தது. அதே நான்கு ஆலைகளில் இப்போது 241.

அப்படியானால் மேற்கில் குறைந்தது இருபத்தோரு கிலோ. கிழக்கில் குறைந்தது முப்பத்தொன்பது. கிழக்கில் மூன்று ஆலைகள் தாங்களாகவே கழிவுநீர்க் கேஸ் தொட்டி கட்டியிருந்தன, அதனால்தான் அந்தக் குறைவு. மேற்கில் ஓர் ஆலையும் கட்டவில்லை. ஒப்பீடு தலைகீழாகப் புரண்டு கிடந்தது. அடுப்பு தேவைப்படுகிற பக்கத்தைத்தான் ரிப்போர்ட் முன்னேறிய பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் இளஞ்செழியன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். அம்மை போட்டது, பூட்டிக் கிடந்தது, டீக்கடையில் உட்கார்ந்து டிக் போட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். எட்டுத் தாளையும் மேஜைமேல் வைத்தாள். அவர் எட்டையும் புரட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும் சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது.

அவர் தாள்களை ஒன்றாக அடுக்கி வைத்தார். “மார்ச் கடைசியில எட்டு ஆலை எப்படி ஓடியிருக்கும்னு எனக்கு அப்பவே ஒரு நெருடல் இருந்துச்சு. கேக்கணும்னு தோணலை. கேட்டா ரிப்போர்ட் நின்னு போயிருக்கும்.”

கோபப்படுவார் என்று தயாராகப் போயிருந்தவளுக்கு அது எதிர்பாராத பேச்சாக இருந்தது. அப்புறம் அவர் வழக்கமான இன்ஜினியராக மாறி, இதை எப்படிச் சமாளிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தார். பழைய ஒப்பீட்டையே எடுத்துவிடலாம், முந்தைய தரவு முழுமையாகக் கிடைக்கவில்லை என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார். யாருக்கும் சங்கடம் இல்லை.

“கெடைச்சிருக்குதுங்க சார்” என்றாள் கமலவேணி. “பதினாறு ஆலைக்குச் சரியாவே இருக்குது. எட்டுக்கு அளக்கலே. அப்படியே எழுதிடலாங்க.”

அந்த ஒரு பத்தியை எழுத அவர்களுக்கு மூன்று நாள் ஆனது. ‘அளவீட்டுக் குறைபாடு’ என்று அவர் எழுதினார். ‘அளக்கப்படவில்லை’ என்று அவள் திருத்தினாள். அளந்தவரின் பேர் வேண்டாம் என்று அவர் எடுத்தார், அதற்கு அவள் ஒத்துக்கொண்டாள். சரிபார்த்தவரின் பேரையும் அவர் எடுத்துவிட்டார், அதையும் அவள் பார்த்தாள், அப்படியே விட்டுவிட்டாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 2009இல் மேற்குப் பகுதியின் எட்டு ஆலைகளில் விறகு அளக்கப்படவில்லை, விசாரித்து எழுதப்பட்டது, எனவே அந்த எட்டும் இந்த ஒப்பீட்டிலிருந்து நீக்கப்படுகின்றன. கூடவே அளந்த பதினாறின் புது அட்டவணை.

அட்டவணையை மாற்றி எழுதும்போது சௌந்தர்யா ஒன்றைக் கவனித்தாள். விறகையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததில் கரண்டுப் பக்கத்தை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் டன்னுக்கு ஆகிற யூனிட் ஏறியிருந்தது, மேற்கில் இன்னும் அதிகமாக. பிரித்துப் பார்த்தால் அரவை மோட்டாரிலோ சல்லடையிலோ ஏற்றம் இல்லை. எல்லாம் போர்வெல் மோட்டாரில். நானூறு அடியில் வந்த தண்ணீரை இப்போது ஆயிரம் அடியிலிருந்து மேலே கொண்டுவருகிறார்கள். கிழங்கைக் கழுவுகிற தண்ணீருக்கே கரண்டு போய்க்கொண்டிருந்தது. அதையும் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார்கள்.

சித்திரையில் சேலத்தில் கூட்டம் நடந்தது. அதிகாரிகள் சிலர், ஆலை முதலாளிகள் நாற்பது பேர். இளஞ்செழியன் அந்தப் பத்தியைத் தானே படித்தார். அரங்கில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அப்படியானால் அப்போது நடத்திய பயிற்சி இந்த எண்ணை நம்பித்தானா என்று ஓர் அதிகாரி கேட்டார். ஆமாம் என்றார் இளஞ்செழியன். அதிகாரி குறித்துக்கொண்டார். போர்வெல் பக்கத்தைப் பற்றிச் சொன்னபோது, அது வேறு துறை என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போகச் சொன்னார்கள்.

கமலவேணி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலைவாசலிலிருந்து வந்திருந்த வெங்கடாசலம் என்ற முதலாளி எழுந்து, அந்தப் புது அட்டவணையை இன்னொரு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன்னால் சொந்தமாகக் கேஸ் தொட்டி கட்டிய மூன்று பேரில் அவர் ஒருவர். இந்த அட்டவணையில்தான் அதன் பலன் தெரிந்தது. படித்தார்கள். போதும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளிச் சின்னுசாமி இருந்தார். அவர் கடைசி வரிசைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கேடயம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. திட்டத்தை மறுபடி வகுக்க வேண்டும் என்று முடிவானது, அதில் ஒரு வருடத்துக்குமேல் போனது. கமலவேணியின் வேலை போகவில்லை. திட்டத்தை நடத்துகிறவர்கள் மட்டும் அந்தப் பழைய தாள்களை எழுதியவர் யார் என்று கடிதம் போட்டுக் கேட்டார்கள். அலுவலகம் பதில் எழுதியது. அதற்கப்புறம் சேகோ சம்பந்தமான எந்தத் தாளிலும் அவள் கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேலை சௌந்தர்யாவுக்குப் போனது. அலுவலகத்தில் இரண்டு பேர் ஒரு மாதம்வரை அவளிடம் சரியாகப் பேசவில்லை. அவள் திருப்பி அனுப்பிய தாளுக்காக வெயிலில் மறுபடி மறுபடி அலைந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் அவர்களே டீக்குக் கூப்பிட்டார்கள்.

புதுத் திட்டத்தில் கிழக்கில் நான்கு ஆலை, மேற்கில் எட்டு ஆலை என்று எடுத்தார்கள். அடுப்பை நேரில் போய்ப் பார்த்துத்தான் எடுத்தார்கள். சின்னுசாமியின் ஆலையில் தை மாதம் கேஸ் அடுப்பு மூட்டினார்கள். பழைய அடுப்பை இடித்து, செங்கலைக் களத்தின் ஓரத்து ரோட்டுப் பள்ளத்தில் போட்டுவிட்டார்கள். அளக்கப் போன சௌந்தர்யா வந்து சொன்னாள், கேஸ் போதாத நாளில் இன்னும் கொஞ்சம் விறகு எரிகிறதாம். தகட்டின் சூடு அப்படியேதான் இருக்கிறது, முன்னைவிடச் சீரான சூடு என்பதால் கை இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது, ஆனால் புகை இல்லை என்று அத்தாயி சொன்னாளாம். இப்போது முறை வைத்து இடம் மாறிக்கொள்வதை விட்டுவிட்டார்கள், அவரவருக்கு ஓர் இடம் என்றாகிவிட்டது.

கமலவேணி இப்போது மேட்டூர்ப் பக்கம் ஐஸ் பேக்டரிகளை அளந்துகொண்டிருக்கிறாள். அணையில் பிடிக்கிற மீனுக்கு ஐஸ் கட்டி போடுகிற சின்னச் சின்ன ஆலைகள். ஒரு கட்டிக்கு எத்தனை யூனிட் என்று பார்க்க வேண்டும். விறகு இல்லை, சாம்பல் இல்லை, எல்லாம் மீட்டர்தான். அங்கேயும் நாள் முழுக்க நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. குளிரில் நின்று வேலை பார்ப்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை. போன வாரம் சங்ககிரி சந்தையில் ஒரு கம்பளிச் சட்டை வாங்கினாள். மேட்டூர் வெயிலில் அதை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.